மூன்று முறை அழுத்திய ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. நான் பார்க்கிற வேலை அப்படி. எது நடந்தாலும் அது எங்கேயோ ஒரு வரியாகப் பதிவாகியிருக்கும், அந்த வரியைத் தேடிப் பிடித்தால் காரணம் தெரிந்துவிடும், தெரியவில்லையென்றால் நான் ஒழுங்காகத் தேடவில்லை என்று அர்த்தம், இந்த ஒரு நம்பிக்கையில்தான் இத்தனை வருடமாகச் சோறு சாப்பிடுகிறேன். ஊரில் யாராவது மோகினி, புளியமரம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு எழுந்து போகலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் சிரிக்காமல் மட்டும் இருங்கள், ஏனென்றால் இது என் அண்ணன் விஷயம்.

நான் சிதம்பரத்தில் தனியாக இருக்கிறேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடி ரூம், ஒரு லேப்டாப், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. படித்தது இங்கேதான், படித்து முடித்தும் ரூமைக் காலி பண்ணவில்லை. வேலையெல்லாம் லேப்டாப்பிலேயே முடிந்துவிடும். பேச வேண்டியதையும் டைப் அடித்தே பேசிவிடுவோம். சில நாள் என் குரல் எனக்கே கேட்பது ராத்திரி பரோட்டா கடையில் "அண்ணே, ஒரு பார்சல்" என்று சொல்லும்போது மட்டும்தான். கடைக்காரர் கூட "ரெண்டாவே கட்டித் தரவா தம்பி, பொட்டலம் போடுற பேப்பருக்கே கட்டுப்படியாவல" என்று கிண்டல் பண்ணுவார்.

எங்கள் ஆபீஸ் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. கொரோனா சமயத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரவேயில்லை. அறையைப் பூட்டிவிட்டோம். உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் இன்வெர்ட்டரோடு ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் எங்கிருந்து புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும் அது தானாகவே எடுத்துக்கொள்ளும், முழு புரோகிராமையும் புதிதாகக் கட்டும், டெஸ்ட் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு விழுந்தால் ஏன் என்று கண்டுபிடிப்பது என் வேலை.

நாங்கள் செய்துகொடுத்தது மீனவர்களுக்கான ஒரு ஏற்பாடு. கடலுக்குப் போகிறவர்களின் பெயரும் நம்பரும் அதில் இருக்கும். மழை, புயல் என்றால் எல்லோருக்கும் ஒரு எஸ்.எம்.எஸ். போகும், 'கரைக்கு வந்துவிட்டீர்களா? வந்திருந்தால் 1 அனுப்பவும்' என்று. பதில் வந்தால் பெயர் பச்சையாகிவிடும். வராவிட்டால் சிவப்பிலேயே இருக்கும், அதைப் பார்த்துத்தான் தேடிப் போவார்கள். எங்கள் குப்பத்து ஆள் நான், அதனால் இந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

முதன்முதலில் இதை வைத்துச் சோதித்துப் பார்த்தது என் அண்ணனிடம்தான். பேர் வேலு. ஃபைபர் போட்டில் போவான். அவனுக்கு போன் மேல் நம்பிக்கையே கிடையாது, அதனால் 1 என்று அனுப்பச் சொன்னால் 111 என்று அனுப்புவான். "ஒரு தரம்தான்டா அமுக்கணும்" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "ஒன்னு போட்டா போவுதோ போவலியோ, மூணு போட்டா ஒன்னாச்சும் போயிச் சேருமில்ல" என்பான். கடைசியில் நான்தான் தோற்றேன். பதிலில் முதல் எழுத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று புரோகிராமை மாற்றினேன், அந்த வரிக்குப் பக்கத்தில் 'அண்ணனுக்காக' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் முகத்துவாரத்தில் அவன் போட் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை. எத்தனையோ நாள் தேடினோம், உடம்பும் கிடைக்கவில்லை. அண்ணி, பேர் செல்வி, கண்ணால் பார்க்காமல் எந்தக் காரியமும் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பட்டியலில் அவன் பெயர் சிவப்பாகவே நின்றது. எடுத்துவிடலாமா என்று கேட்டவர்களிடம் அப்புறம் பார்க்கலாம் என்றேன், மூன்று வருடமாக அப்புறம் பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். இதை ரொம்ப நாள் யாரிடமும் சொன்னதில்லை. பதில் வராவிட்டால் பெயர் சிவப்பாகவே நிற்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் தேவைப்பட்டது. முதுநகர் கம்ப்யூட்டரில் சிம் போட்ட ஒரு சின்ன மோடம் சொருகியிருக்கும், அதிலிருந்து நிஜமாகவே எஸ்.எம்.எஸ். போகும். பத்து நிமிடம் காத்திருக்கும். அதற்குக் கட்டாயம் பதிலே வராத ஒரு நம்பர் வேண்டும். வாய்க்கு வந்த நம்பரைப் போட்டால் யாரோ ஒருவருக்குத் தொந்தரவு. நான் அண்ணன் நம்பரைப் போட்டேன். சிம் கடலுக்குள் போய்விட்டது, அதைவிட உறுதியாகப் பதில் வராத நம்பர் உலகத்தில் எது இருக்கிறது? வேலை செய்கிற நேரத்தில் புத்தி அப்படித்தான் போகும், மனசு பக்கத்தில் இருக்காது. ஆக நான் ஒவ்வொரு தடவை ஒரு வரியை மாற்றும்போதும் அண்ணனுக்கு ஒரு கேள்வி போகும், பதில் வராது, டெஸ்ட் பச்சையாகும், எனக்கு நிம்மதியாகும். அண்ணன் வரவில்லை என்று உறுதியானால்தான் என் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இப்படியே மூன்று வருடம்.

போன மழைக்காலத்தில் வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் வந்தது ஞாபகம் இருக்கும். படகுகளைக் கரைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின மழையில் எங்கள் பழைய புரோகிராம் ஒரே நேரத்தில் நிறைய பதில் வந்து திணறியது, அதைச் சரிசெய்த புதியதை அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் பில்டு, அதாவது முதுநகர் கம்ப்யூட்டர் கட்டிச் சோதித்தது, சிவப்பு. விடியற்காலையில் பார்த்தால் மறுபடி சிவப்பு. மற்றதெல்லாம் சரி, அந்த ஒரு டெஸ்ட்தான் விழுந்திருந்தது. பதில் வராத நம்பரிலிருந்து பதில் வந்திருக்கிறது என்கிறது.

என் லேப்டாப்பில் ஓட்டினேன், பச்சை. இங்கே மோடம் கிடையாது, அதற்குப் பதில் மோடம் மாதிரி நடிக்கிற ஒரு பொம்மை புரோகிராம், அது பச்சை என்றுதானே சொல்லும். முதுநகரில் திரும்ப ஓட்டவிட்டேன், சிவப்பு. சலீமுக்கு போன் போட்டேன். பரங்கிப்பேட்டைக்காரன், கூடப் படித்தவன், எங்கள் டீமுக்கு அவன்தான் தலைவன், இருப்பது சென்னையில்.

"மச்சான், ஒரு டெஸ்ட்தான? ஸ்கிப் பண்ணிட்டு ஏத்து. மழ விட்டதும் பாத்துக்கலாம்."

"அந்த டெஸ்ட ஸ்கிப் பண்ண முடியாது சலீம். வராதவன வந்துட்டான்னு காட்டிச்சுன்னா யாரும் தேடிப் போவ மாட்டாங்க."

அண்ணனைத் தேடிய நாட்களில் அவனும் கரையில் நின்றவன். "சரி மச்சான், நீ நேர்ல போய் பாத்துரு. அஞ்சு மணி வரைக்கும் டைம் வாங்குறேன், அதுக்கு மேல இழுக்க முடியாது, இன்ஷா அல்லாஹ் கெடச்சிரும்" என்றான்.

நேரில்தான் போக வேண்டும், ஏனென்றால் பதில் வந்ததா இல்லையா என்பது மட்டும்தான் எனக்கு இங்கே தெரியும். என்ன பதில் என்பது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு ஃபைலில் கிடக்கும். பஸ் பிடித்தேன். மழையில் ஷட்டரெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள், புதுச்சத்திரமா ஆலப்பாக்கமா என்றே தெரியாமல் போய் இறங்கினேன். ஆபீஸ் பூட்டைத் திறக்கும்போது மணி இரண்டரை இருக்கும். பட்டப்பகல், நம்பினால் நம்புங்கள், ராத்திரியும் இல்லை ஒன்றும் இல்லை. உள்ளே நாற்காலி எல்லாம் மேஜை மேல் கவிழ்த்து வைத்தபடி இருந்தது. சுவரில் காலண்டர் நாங்கள் அறையைப் பூட்டிய மாதத்திலேயே நின்றது. அந்த ஒரு மெஷின் மட்டும் மூலையில் விசிறிச் சத்தத்தோடு, யாரும் இல்லாத அறையில் வருடக்கணக்காக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு என் ரூம் ஞாபகம்தான் வந்தது.

ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்து டெஸ்டை ஓட்டினேன். மெசேஜ் போனது. ஏழாவது நிமிடம் பதில் வந்தது. ஃபைலைத் திறந்தேன். 111.

காலையில் வந்த இரண்டு பதிலும் அதே 111.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் புத்தி என் வழிக்கு வந்தது. நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள், அந்த ஆளுக்கும் அமுக்குகிற கை அழுத்தமாக இருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். சலீமும் அதையேதான் சொன்னான், "வேற யாருக்காச்சும் குடுத்துருப்பான் மச்சான். இல்லன்னா மழைல நெட்வொர்க் பழைய மெசேஜயே திரும்பத் திரும்பத் தள்ளும்." சரியான பேச்சு. அதை உறுதிப்படுத்த ஒரே ஒரு வழிதான். மோடத்திலிருந்து சிம்மைக் கழற்றினேன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், டெஸ்டை மறுபடி ஓட்டினேன். இப்போது மெசேஜ் போகவே முடியாது, எதுவும் வரவும் முடியாது.

'சிம் இல்லை, செய்தி அனுப்பப்படவில்லை' என்று ஒரு வரி வந்தது. நினைத்தது போலத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தேன். கேட்கவே இல்லாத கேள்விக்குக் கீழே அடுத்த வரி வந்து விழுந்தது, 'பதில்: 111'.

உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன், எங்கேயோ பழையது தங்கியிருக்கிறது, அதைத் திரும்பக் காட்டுகிறது என்று. சிம் கையில் இருக்கும்போதே எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துத் தேடினேன். ஒன்றும் தங்கியிருக்கவில்லை. பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட ஆசைதான் ஜாஸ்தியாக இருந்தது, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சிம்மைத் திரும்பப் போட்டேன். டெஸ்டில் இருந்த வாசகத்தை அழித்துவிட்டு, 'அண்ணே, நீயா' என்று எழுதி ஓட்டினேன். அது வேலைக்காக ஓட்டியது இல்லை.

பத்து நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் வரவில்லை. டெஸ்ட் பச்சையாகிவிட்டது. மூன்று வருடமாக எனக்கு நிம்மதி கொடுத்த அதே பச்சையைப் பார்த்து அன்றைக்கு விக்கி விக்கி அழுதேன். கேட்க ஆள் இல்லாத அறை, நன்றாகவே அழுதேன்.

மணி நான்கு தாண்டிவிட்டது. காரணம் தெரியாமல் சிவப்பான டெஸ்ட் காரணம் தெரியாமல் பச்சையானால் அதை நம்பக்கூடாது, இது எங்கள் வேலையில் பாலபாடம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய வாசகத்தைத் திரும்ப எழுதி, அண்ணன் நம்பரை எடுத்துவிட்டு, என்னிடம் இருந்த இரண்டாவது போனின் நம்பரைப் போட்டேன். அந்த போனை அணைத்து வைத்து ஓட்டினேன், பச்சை. அடுத்து அதையே உயிர்ப்பித்து, 1 என்று பதில் அனுப்பி ஓட்டினேன், சிவப்பு. இரண்டும் சரி. புரோகிராமில் பழுது இல்லை. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் புதியதை ஏற்றினோம். சலீம் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

சிதம்பரம் பஸ் ஏறியிருக்க வேண்டும். கால் வேறு பக்கம் போனது. உப்பனாற்றைத் தாண்டினால் எங்கள் குப்பம். நான் அங்கே போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அண்ணி கோபமாக ஏதாவது கேட்டிருந்தால் கூடப் போயிருப்பேன், அவர்கள் எதுவும் கேட்க மாட்டார்கள், அந்த முகத்துக்கு முன்னால் உட்கார எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அண்ணி கதவைத் திறந்தார்கள், என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "தலயத் தொவட்டுங்க தம்பி." அவ்வளவுதான், ஏன் இத்தனை நாளாக வரவில்லை என்று கேட்கவில்லை. டீ வைத்துக் கொடுத்தார்கள். நான் சுற்றி வளைக்காமல், அண்ணன் நம்பரை இப்போது யார் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

அண்ணி எழுந்து போய் பீரோவில் மடித்த புடவைக்கு அடியிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துவந்தார்கள். "எங்கிட்டதான் இருக்குது. அப்பவே கடைல எழுதிக் குடுத்து அதே நம்பர வாங்கிட்டேன். அவுரு கூப்புட்டா அந்த நம்பருக்குத்தான கூப்புடுவாரு, அவுரு நம்பரு தவுர அவுருக்கு வேற நம்பரு மனப்பாடம் இல்ல."

டீயைக் கீழே வைத்தேன். "மெசேஜ் ஏதாச்சும் வருமா அண்ணி?"

"வருமே. கரைக்கு வந்துட்டீங்களான்னு தெனம் கேக்குறாங்க. சில நாளு நாலு தரம், அஞ்சு தரம்கூட கேப்பாங்க. ஞாயித்துக்கெழம மட்டும் கேக்க மாட்டாங்க, லீவு போலருக்கு. நானு படிச்சுப் பாத்துட்டு வச்சிருவேன்." அண்ணி போனை முந்தானையில் துடைத்தார்கள். "நேத்து சாயங்காலம்தான் ஒரு தரம் 1 போட்டு உட்டேன். மூணு வருசமா உடாம தேடுறாங்க, பாவம் அவுங்களுக்கும் வேற வேல இருக்குமில்ல. போதும்னு தோணிச்சு. அதுக்கப்புறம் கரன்ட்டு போயிருச்சு, போனு அணைஞ்சதுதான், இன்னும் சார்ஜு போடல."

நான் வேலை ஜாஸ்தியாகச் செய்த நாட்களில் அண்ணனை ஜாஸ்தியாகத் தேடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்கியிருக்கிறேன். டெஸ்டுக்காக அண்ணன் நம்பரைப் போட்டது நான்தான் என்பதை அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அதில் எதையும் மறைக்கவில்லை. அடிப்பார்கள், குறைந்தபட்சம் கத்துவார்கள் என்று நினைத்தேன். அண்ணி போனை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"நீங்கதானா தம்பி அது. நானு யாரோ அவுர இன்னும் தேடிக்கினு இருக்காங்கன்னுல்ல நெனச்சேன்."

இன்று வரைக்கும் அந்த வார்த்தை என்னைத் தூங்க விடுவதில்லை.

போனைச் சார்ஜில் போட்டோம். அனுப்பிய மெசேஜ்கள் இருக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம், ஒரே ஒரு பதில், '1'. அடுத்த வாரம் முதுநகர் ஃபைலில் சரிபார்த்தேன், முதல் சிவப்புக்குக் காரணம் அந்த '1' தான். அதற்கு அப்புறம் வந்த நான்கும் 111, நான்கும் போன் செத்துக் கிடந்த நேரம், அதில் ஒன்று சிம் என் சட்டைப் பையில் இருந்த நேரம். பதிவு இருக்கிறது, காட்டச் சொன்னால் காட்டுகிறேன். சலீமும் பார்த்துவிட்டான், பார்த்துவிட்டு "இத யாருக்கும் அனுப்பாத மச்சான்" என்றான்.

அன்றைக்கு அண்ணி வீட்டிலேயே என் போனில் நிஜப் பட்டியலைத் திறந்து பார்த்தேன், போன படகெல்லாம் வந்ததா என்று தெரிய வேண்டுமே. இது வேறு ஊரில் வேறு கம்ப்யூட்டரில் ஓடுவது, சிம்மும் வேறு, டெஸ்டில் நடக்கிற எதுவும் இங்கே வந்து சேர வழியே கிடையாது. ஒவ்வொரு பெயராகப் பச்சையாகிக்கொண்டு வந்தது. கடைசிப் பெயரும் பச்சையானதும் திரை மாறி ஒரு வாசகம் வந்தது, 'எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள்'. அதை எழுதியவன் நான்தான். ஒரு சிவப்புப் பெயர்கூட இல்லாவிட்டால் மட்டும் வரும். அண்ணன் பெயர் முதலாவதாகச் சிவப்பில் நின்றதால் மூன்று வருடமாக அது வந்ததே இல்லை.

அண்ணி என் தோளுக்குப் பின்னாலிருந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க அண்ணி."

அண்ணன் பெயர் பச்சையாக இருந்தது. யாரும் தொடவில்லை, சலீமும் தொடவில்லை, கேட்டுவிட்டேன். அதைத் திரும்பச் சிவப்பாக்க எனக்குக் கை வரவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கிளம்பும்போது அண்ணி சொன்னார்கள், "அந்த மெசேஜ மட்டும் நிறுத்திடாதீங்க தம்பி. பழகிப்போச்சு." அதனால் இப்போது என் போனிலிருந்து நானே தினமும் கையால் டைப் அடித்து அண்ணன் நம்பருக்கு அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. அண்ணி பார்த்துவிட்டு 1 என்று அனுப்புவார்கள். எனக்கும் அந்த நாளில் ஒருவர் பதில் சொன்ன மாதிரி இருக்கும். அவர்கள் ஒரு தரம்தான் அழுத்துவார்கள், அண்ணன் மூன்று தரம் அழுத்துகிற கதையை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 111 என்று வந்தது. அண்ணியின் விரல் தவறியிருக்கலாம். மறுநாள் போனில் பேசினேன், மழை, ரேஷன், மாவரைக்கிற மெஷின் என்று என்னென்னவோ பேசினேன். அதை மட்டும் கேட்கவில்லை.